இருபத்தெட்டு சென்டிமீட்டர்

செப்டம்பர் 2

இன்றோடு இருபத்து நான்கு வாரம் முடிந்தது. எழுதிய பிறகு ஏன் எழுதினோம் என்று இருக்கிறது. இதற்கு முன் இரண்டு தடவை இப்படி வாரம் எண்ணினேன். இரண்டு தடவையும் எண்ணிக்கை பாதியில் நின்றது. ஆகவே இந்த டைரியில் அதைப் பற்றி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பின்னலைப் பற்றி மட்டும் எழுதலாம்.

குளியலறைக்குப் போவதைத் தவிர கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. எனக்கென்று மிச்சம் இருப்பது கையும் வாயும்தான். வாயைத் திறந்தால் மாமியாரோடு வம்பு வருகிறது, அதனால் கைதான் நாள் முழுக்க ஓடுகிறது. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு கையால் பின்னுகிறேன் என்றால் யாரும் சிரிப்பார்கள். பக்கத்துத் தெரு கம்பெனியில் ஒரு மெஷின் காலையில் துப்பிப் போடுகிற துணியை நான் ஒரு வருடத்தில் பின்ன மாட்டேன்.

'ஊசிக்கூட்டம்' என்று எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. நாகர்கோவில் ஜெசிந்தா அக்கா நடத்துகிறார். வருடத்துக்கு ஒரு தடவை பரிசு மாற்றம். எல்லார் பெயரையும் தூக்குச் சட்டியில் போட்டுக் குலுக்கி, யாருக்கு யார் என்று தனித்தனியாகச் சொல்வார். கையால் பின்னியது ஒன்று, ஒரு உருண்டை நூல், உங்கள் ஊர்ப் பண்டம் ஒன்று என்று பார்சல் அனுப்ப வேண்டும். யார் அனுப்பியது என்பது ரகசியம். வாங்கியவர் அதைப் போட்டுக்கொண்டு குழுவில் படம் போட்டு, அனுப்பியது யார் என்று ஊகிக்க வேண்டும். இந்த வருடம் நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். படுத்துக் கிடக்கிறவளுக்கு வேறென்ன திருவிழா.

செப்டம்பர் 3

சீட்டு வந்துவிட்டது. போடியிலிருக்கும் தமயந்தி. குழுவில் அதிகம் பேசாத ஆள். அவர் கேட்டிருப்பது: "குழந்தைத் தொப்பி ஒன்று போதும். தலைச் சுற்றளவு 28 செ.மீ. இளம்பச்சை. பருத்தி நூல்."

இத்தனை பேரில் எனக்குத்தானா குழந்தைத் தொப்பி வர வேண்டும்?

பிறக்கும் முன் குழந்தைக்கென்று ஒரு நூல் கூட வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அத்தையின் சட்டம். என் மாமியார் துளசிமணி மற்ற எதிலும் கறார் கிடையாது, இதில் மட்டும் கல். ஏழாம் மாதக் கட்டுச்சோற்று விருந்தைக் கூட வேண்டாம் என்று அவரே சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று வெளியில் சொல்வேன். ஆனால் குழுவில் ஒருவரிடமும் நான் வயிற்றோடு இருப்பதைச் சொல்லவில்லை. சீட்டை மாற்றிக் கொடுங்கள் என்று ஜெசிந்தா அக்காவிடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டி வரும். கேட்கவில்லை.

செப்டம்பர் 5

என்ன பின்னுகிறாய் என்று அத்தை கேட்டார். பொம்மைக்குத் தொப்பி என்றேன். நம்பிவிட்டார். பொய் சொன்ன எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

28 என்பது எப்படிப் பார்த்தாலும் தப்பு. பிறந்த குழந்தைக்கே 35 இருக்கும். தமயந்தி டேப்பைத் தளர்த்திப் பிடிக்காமல் இறுக்கி அளந்திருப்பார், அல்லது வேறெதையோ பார்த்து எழுதியிருப்பார். பின்னத் தெரிந்த எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. குழந்தைக்கு என்றால் கேட்ட அளவில் போட மாட்டோம், ஒரு அளவு கூட்டித்தான் போடுவோம். பின்னி முடிப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். 40க்குக் கண்ணி ஏற்றிவிட்டேன்.

செப்டம்பர் 9

அசைவு உண்டு. தொப்பியின் கரை முடிந்தது.

செப்டம்பர் 14

என் கணவர் லோகநாதன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். அந்தக் கம்பெனி தைப்பது முழுக்கக் கைக்குழந்தைத் துணி. லட்சக்கணக்கில் கப்பலேறுகிறது. போன தடவை ஆசைப்பட்டு ஒரு சாம்பிளை வீட்டுக்குக் கொண்டு வந்தார், வாத்துப் படம் போட்டது. அடுத்த மாதம் நடந்ததை எழுத மாட்டேன். அத்தை அந்த வாத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இவர் கம்பெனி வாசலிலேயே சட்டையைத் தட்டிவிட்டு வருகிறாரோ என்று தோன்றும், அவ்வளவு ஜாக்கிரதை. உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் உடுத்திவிடுகிற ஊரில் எங்கள் வீட்டில் ஒரு பொத்தான் கிடையாது.

செப்டம்பர் 20

பார்சல் போய்விட்டது. தொப்பி, மஞ்சள் பருத்தி நூல் ஒரு உருண்டை, ஊத்துக்குளி நெய் ஒரு பாட்டில். ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன்: "வளர்கிற பிள்ளை, அதனால் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கிறேன். அடுத்த வருடமும் ஆகும்."

வீட்டை விட்டு அது போனதும்தான் மூச்சு வந்தது. தொப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை கூட நான் அதற்குள் கையை விட்டுப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 26

எனக்கான பார்சல் வந்தது. கழுத்துக்குச் சுற்றும் கம்பளி. திருப்பூர் வெயிலுக்குக் கம்பளி! அனுப்பியவர் ஓசூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும், அந்த ஊரில்தான் இதன் அருமை தெரியும். ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு, கழுத்து வரைக்கும் மட்டும் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட்டேன். முகம் பூசினாற்போல இருக்கிறதே மைதிலி என்று ஒருத்தி எழுதியிருந்தாள். உடனே படத்தை அழித்துவிட்டேன். பிறகு, சரியாக விழவில்லை என்று வேறொரு படம் போட்டேன், கன்னத்தைக் கம்பளியால் மூடிக்கொண்டு.

அக்டோபர் 4

எல்லாரும் படம் போட்டாயிற்று, தமயந்தியைத் தவிர. குழுவில் அவரைப் போட்டுக் கலாய்க்கிறார்கள். குட்டிக்குத் தொப்பி போட்டு ஒரு படம் போடாமல் விட மாட்டோம், சூடம் காட்டிக் கூப்பிட வேண்டுமா என்றெல்லாம். நானும் சிரிக்கிற முகம் ஒன்று போட்டேன். பதில் இல்லை. தொப்பி பிடிக்கவில்லையோ என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 8

அனுப்பியது யார் என்று ஜெசிந்தா அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தமயந்தி எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். அப்படியே கீழே எடுத்து எழுதுகிறேன். ஏன் என்று தெரியவில்லை, எழுதாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, தொப்பி ரொம்ப அழகா இருக்கு. உங்க மேல தப்பே இல்ல, நான்தான் விவரமா சொல்லாம விட்டுட்டேன். என் பையன் வளரப் போறதில்ல. மாசி மாசம் பிறக்கும்போதே உயிர் இல்ல. நர்சம்மா அளந்து இன்னொருத்தர்ட்ட சொன்னது காதுல விழுந்துச்சு, தலை இருபத்தெட்டுன்னு. அவனப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். முன்னாடியே எதுவும் வாங்கக் கூடாதுன்னாங்க, அதனால அவனுக்குன்னு ஒரு துணி கூட வீட்ல இல்ல. ஆஸ்பத்திரித் துணியிலதான் சுத்திக் கொடுத்தாங்க. என் கையால பின்ன உக்காந்தா முடியல. அதான் கேட்டேன். நீங்க அனுப்பினது வேற யாரோ பிள்ளையோடது மாதிரி இருக்கு. பரவாயில்ல, பத்திரமா வெச்சிருக்கேன்."

படித்ததும் போனைக் கட்டிலின் கால்மாட்டில் வீசினேன். எழக் கூடாதவள் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை. முதலில் வந்தது பயம்தான், இரக்கம் இல்லை. செத்த பிள்ளைக்கா இத்தனை நாள் மடியில் வைத்துப் பின்னினேன், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு? அவள் பெற்ற வயிற்றோடு அழுதிருக்கிறாள், நான் சோப்புத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒருத்தியா நான் என்று பிறகுதான் வெட்கம் வந்தது. அதிலும் அந்தத் துண்டுச் சீட்டு. அடுத்த வருடமும் ஆகும் என்று எழுதியிருக்கிறேன்.

பதில் எழுதவில்லை.

அக்டோபர் 9

மிச்சப் பச்சை நூலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அசைவு உண்டு.

அக்டோபர் 12

இவரிடம் மட்டும் சொன்னேன். அப்படி ஒரு அளவு இருக்கிறது என்றார். குறைமாதப் பிள்ளைகளுக்கு என்று வெளிநாட்டுக்காரன் தனியாக ஆர்டர் கொடுப்பானாம். இவருடைய கம்பெனியிலும் தைக்கிறார்களாம், உள்ளங்கை அகலத்துக்கு. என்னிடம் இதுவரை சொன்னதில்லை. அந்தத் துணிகளைச் சரிபார்க்கிற நாட்களில் மதியம் சாப்பிட முடியாது என்றும் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு மறைத்து வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

குழுவில் இன்னும் தமயந்தியைப் படம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ஜெசிந்தா அக்காவுக்குச் சொல்லி அதை நிறுத்தினேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

அக்டோபர் 21

ஸ்கேன். எழுதுவதில்லை என்று சொன்னதை இன்று மீறுகிறேன்.

ஸ்கேன் அறை என்றாலே எனக்கு உயிர் கையில் இருக்காது. போன தடவை ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று வெளியே போனாள். அந்தக் கதவு திறக்கிற வரைக்கும் நான் கிடந்தது இன்றும் முடியவில்லை. ஆகவே இப்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். இன்றும் மூடிக்கொண்டேன். டாக்டரம்மா தொடை எலும்பு, வயிறு என்று அளவுகளைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒரு பெண் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தலை இருபத்தெட்டு," என்றார் டாக்டரம்மா.

எனக்குக் காது அடைத்துவிட்டது. என்ன என்றேன். அவர் சிரித்து, வாரத்துக்குத் தகுந்த வளர்ச்சிதான், நல்லா இருக்கு, ஏன் இப்படி நடுங்கறீங்க என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். நான் வயிற்றில் கையை வைக்காமல் இருந்தேன். அந்தப் பையன் நின்றுபோன இடத்தில்தான் இது இன்றைக்கு நிற்கிறது. நாளைக்கு அந்த இடத்தைத் தாண்டுமா?

அக்டோபர் 22

கட்டிலுக்கு அடியிலிருந்து நூலை எடுத்தேன். 28க்குக் கண்ணி ஏற்றினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அக்டோபர் 25

பயந்தால் பின்னல் இறுகும். மூன்று தடவை பிரித்துப் போட்டேன். இன்று மதியம் முடிந்தது. முடிந்ததும் என் மூடின கையின் மேல் மாட்டிப் பார்த்தேன். மாட்டியபின் கழற்ற மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய தலையா எனக்குள் இருக்கிறது? இத்தனை மாதத்தில் அதற்கு ஒரு தலை இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைத்தால் போய்விடும் என்று நினைக்காமல் இருந்திருக்கிறேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது அத்தை மோர் கொண்டு வந்துவிட்டார். டம்ளரை வைக்கக் கூட இல்லை.

"இது பொம்மைக்கில்ல. யாருக்குடா கண்ணு இது?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அத்தையின் முகம் சுண்டிப்போனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உன்ற வயித்துல ஒரு உசுர வெச்சுக்கிட்டு, செத்த பிள்ளைக்குக் குல்லாப் போட்டியா? இனி என்ன ஆகுமோ என்னமோன்னு நான் எங்க போயி முட்டிக்க?" என்றார். கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. உப்பும் மிளகாயும் கொண்டு வந்து என் தலையைச் சுற்றி எடுத்துப் போனார். அடுப்பில் போட்டபோது மிளகாய் நெடி வரவில்லையாம், திருஷ்டி அவ்வளவு இருக்கிறதாம். எனக்குத் தொண்டை கமறியது. வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் இவர் வந்ததும், அதை இன்றைக்கே அனுப்பச் சொன்னார் அத்தை. வீட்டில் ஒரு பொழுது கூட இருக்கக் கூடாதாம். இவர் அதைச் சட்டைப் பையில் வைத்து எடுத்துப் போனார். பைக்குள் அடங்கிவிட்டது.

அக்டோபர் 28

அத்தை சாப்பாடு போடுகிறார், கால் பிடித்துவிடுகிறார், பேசுவதில்லை. அசைவு உண்டு. குறைந்த மாதிரி இருக்கிறது. பிறகு இல்லை என்று தோன்றுகிறது. பிறகு உண்டு.

அக்டோபர் 31

தமயந்தி எழுதியிருக்கிறார். "சரியா இருக்கு அக்கா." அவ்வளவுதான். நெடுநேரம் கழித்து இன்னொன்று: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

இல்லை என்று அடித்தேன். அழித்தேன். அது பொய்யா உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. உண்டு என்று சொன்னால் அவள் பார்வை இங்கே திரும்பும். பெற்றதைப் பறிகொடுத்தவள் பெருமூச்சு விட்டால் போதும் என்பார்கள். நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே பயப்படுகிற ஆள் என்னைப் போல ஊரில் இன்னொருத்தி இருக்க மாட்டாள்.

நவம்பர் 1

சொல்லிவிட்டேன். அவள் தன் பிள்ளையின் தலை அளவையே எனக்குக் கொடுத்திருக்கிறாள். அவளிடம் மறைத்தால் நான் மனுஷி இல்லை. "இரண்டு போய்விட்டது. இப்போது ஒன்று உள்ளே இருக்கிறது, முப்பத்திரண்டு வாரம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது" என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

நவம்பர் 2

பதில் இல்லை. என்ன காரியம் செய்துவிட்டேன்? நேற்றிலிருந்து வயிறு கல் மாதிரி இருக்கிறது. அத்தைக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

நவம்பர் 3

காலையில் பல் கூட விளக்கவில்லை, போன் ஒலித்தது. தமயந்தியிடமிருந்து ஒரே வரி.

"இன்னைக்கு அசைஞ்சுச்சா?"

நவம்பர் 6

தினமும் அதே வரிதான். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. அசைந்ததா என்று கேட்பது, ஆமாம் என்று நான் எழுதுவது, அதோடு முடிந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. பரீட்சைக்கு வந்தவள் மாதிரி இதென்ன கேள்வி? இப்போது அந்த வரி வருவதற்கு முன்னாலேயே விழித்துவிடுகிறேன். ஆமாம் என்று சொல்ல வேண்டுமே என்று அசைவுக்காகக் காத்துக் கிடக்கிறேன். இந்த வீட்டில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்கப் பயம்.

நவம்பர் 8

தீபாவளி. போனஸ் வாங்கிக்கொண்டு எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ரோட்டில் வண்டி இல்லை, மெஷின் சத்தம் இல்லை, வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. டாக்டரம்மாவும் நாளை மறுநாள்தான் வருவாராம். அத்தை எனக்காக எண்ணெய் குறைத்து அதிரசம் சுட்டார். ஒரு வாய்க்கு மேல் போகவில்லை. எதிர்வீட்டில் சரவெடி வைத்தார்கள், வயிற்றுக்குள் தூக்கிப் போட்டது.

நவம்பர் 9

காலையிலிருந்து இல்லை.

சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். தட்டிப் பார்த்தேன்.

தமயந்தி கேட்டிருக்கிறாள். பதில் போடவில்லை. போன் மேல் போன் அடிக்கிறாள், எடுக்கவில்லை.

அத்தையிடம் சொன்னேன். வெடிச் சத்தத்துக்குப் பயந்து சுருண்டுகொண்டிருக்கும், பொழுது சாய்ந்தால் சரியாகிவிடும் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவும் சரிதான் என்று தோன்றுகிறது. டாக்டரம்மாவும் ஊரில் இல்லை. உண்மையைச் சொன்னால், அவர் ஊரில் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அவர் வருகிற வரைக்கும் யாரும் திரையைத் திருப்ப மாட்டார்கள். போகாத வரைக்கும் அது இருக்கிறது.

மறுபடி போன் அடிக்கிறது. அத்தை எடுக்கப் போகிறார். எடுத்துவிட்டா

நவம்பர் 13

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். உட்கார்ந்தால் தையல் இழுக்கிறது. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

அன்றைக்கு அத்தை போனை எடுத்தார். அந்தப் பக்கம் தமயந்தி பேசினாள். அத்தை கேட்டுக்கொண்டே நின்றார். அவள் சொன்னதை அத்தை நேற்றுத்தான் என்னிடம் சொன்னார்: "எனக்கும் இப்படித்தாம்மா ஒரு நாள் அசையாம கிடந்துச்சு. போனா என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துக்கிட்டு, விடியட்டும்னு படுத்துட்டேன். அக்காவும் அப்படித்தான் படுத்துக் கிடப்பாங்க. கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போங்கம்மா."

அத்தை போனை வைத்தார். புடவையை இடுப்பில் செருகினார்.

"எந்திரி கண்ணு," என்றார்.

நான் மாட்டேன் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆட்டோ கிடைக்கவில்லை. இவர் எதிர்வீட்டுக்காரர் காரை வாங்கி ஓட்டினார். வழியில் இருந்த முதல் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். முன்பின் பார்த்திராத ஒரு சின்னப் பெண்தான் டியூட்டி டாக்டர். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. அத்தை கூடவே உள்ளே வந்து, வெளியே போகச் சொல்லியும் போகாமல், என் தலைமாட்டில் நின்றார். அந்தப் பெண் திரையைத் திருப்பவில்லை. துடிப்பு இருந்தது, ஆனால் இழுத்து இழுத்து. பாட்டரி தீர்ந்த கடிகாரம் மாதிரி. அவள் யாரையோ கூப்பிட்டாள், எல்லாரும் ஓடினார்கள்.

பெண் குழந்தை. பிறந்தவுடன் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒரு சின்னச் சத்தம் கேட்டதாக நர்ஸ் சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. கொடி கழுத்தைச் சுற்றி இறுகியிருந்ததாம். இன்னும் ஒரு பொழுது விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டு கிலோ கூட இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் கூட்டிப் போய்க் காட்டினார்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மறுபடி ஏறுமா என்று பயந்தேன்.

நவம்பர் 16

குழுவில் யாருக்கும் தெரியாது. தமயந்திக்கும் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்கப் பயந்துகொண்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எனக்குத் தெரியும், நானும் அப்படிப்பட்டவள்தான். பிழைத்தது என்று எழுதினால் அவளுக்கு எங்கே வலிக்குமோ. எழுதாவிட்டால் போய்விட்டது என்று நினைப்பாள். அடித்து அடித்து அழிக்கிறேன்.

நவம்பர் 20

குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து என் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். பாலை மறந்து மறந்து குடிக்கிறாள். தூங்கினால் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன். பயம் போகவில்லை. இனிப் போகும் என்றும் தோன்றவில்லை.

காலையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இவருடைய சித்தப்பா வீடு, கம்பெனி ஆட்கள், எதிர்வீட்டார். அத்தை வார்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒருவரையும் உள்ளே விடவில்லை. குழந்தையை யாரும் பார்க்கக் கூடாது, இன்னும் நாள் ஆகட்டும் என்று எல்லாரையும் பழத்தோடு திருப்பி அனுப்பினார். சித்தி கோபித்துக்கொண்டு போய்விட்டார். போனால் போகட்டும் என்றார் அத்தை.

மத்தியானம் உள்ளே வந்து, அந்தப் போடிப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை, பயமாக இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றவர், என் போனை எடுத்து நீட்டி, போட்டுக் கொடு என்றார். திட்டத்தான் போகிறாரோ என்று நினைத்தேன். முதல் மணி முடிவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"நான் மைதிலியோட மாமியார் பேசறன் கண்ணு. பிள்ளை நல்லா இருக்குது. பொட்டப்பிள்ளை." அத்தை வார்டு வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இங்க ஒருத்தரையும் நான் உள்ள விடல. மொதல்ல நீ வந்து பாரு. நீ பாத்து, கையில தூக்குன அப்பறந்தான் மத்தவங்களுக்கெல்லாம் காட்டுவேன்."

எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன். குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடப் போனேன். அத்தை என் கையைப் பார்த்தார். தலைப்பை விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அத்தை போனை வைக்கவில்லை, காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.